ஒற்றைக் கையால் தூக்கிய டிரெய்லர்: நெடுஞ்சாலை 400-இல் டிரெய்லர் நிலைதவறி ஆடியதன் ஆய்வு

2023 ஜூலை, ஒரு சனிக்கிழமை, காலை பத்தரை மணி. டொராண்டோவிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலை 400. ஹைவே 9 தாண்டியதும் சாலை மெல்ல இறங்கி ஹாலண்ட் மார்ஷ் சமவெளிக்குள் நுழையும். சதுப்பு நிலத்து நீரை வடித்து உண்டாக்கிய கறுப்பு மண் பூமி அது. கேரட்டும் வெங்காயமும் விளையும். சாலை தெற்கு வடக்காக ஓட, மேற்குக் காற்று மரத்தின் மறைப்பு ஏதுமில்லாமல் குறுக்கே வந்து விழும்.

காரில் ஐந்து பேர் இருந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா. பின்னால் 13 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் கிளாஸ் கேம்பர் டிரெய்லர். அல்கான்குவின் பூங்காவில் நான்கு நாள் தங்குவதாகத் திட்டம். வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய லாரியைத் தாண்டினேன். ஒன்டாரியோவில் பெரிய லாரிகளுக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாடு கட்டாயம். அதைத் தாண்டினேன் என்றாலே என் வேகம் தெரிந்துவிடும். 110-க்கு மேல் போயிருக்கிறேன். சாலையின் எல்லை 100.

எங்களுக்கு வலப்பக்கமிருந்த லாரியைக் கடந்து முன்னால் வந்த நொடியில் டிரெய்லர் ஒரு பக்கமாக இழுத்தது. கார் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. அடுத்த நொடி மறுபக்கம். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது. பின்கண்ணாடியில் டிரெய்லரின் முன் ஜன்னல் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போய் வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் பிரேக்கை அழுத்தினேன். ஆட்டம் இரட்டித்தது. மறுபடி அழுத்தினேன். "பிரேக்கை விடுங்க, விடுங்க!" என்று மனைவி கத்தினாள். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் மோசமாகிறது என்று அவளுக்குப் பக்கத்து இருக்கையிலேயே புரிந்துவிட்டது. காலை எடுத்தேன். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வேகம் 80-க்கு வந்ததும் ஆட்டம் தானாக அடங்கியது. எல்லாம் சேர்த்து 15, 20 வினாடி இருக்கும். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து எங்களுக்கு இடம் விட்டிருக்கிறார். அந்த மனிதருக்கு இன்றுவரை நன்றி சொல்ல முடியவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த பயணத்துக்கு அந்த டிரெய்லரை எடுக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அளந்ததையும் எடை போட்டதையும் கழற்றிப் பார்த்ததையும் இங்கே முழுசாக எழுதுகிறேன். சின்ன எஸ்யூவி வைத்துக்கொண்டு "ஒரு சின்ன கேம்பர்தானே, இழுத்துவிடலாம்" என்று நினைக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து உண்டு. அவர்களுக்காகத்தான் இது.

வண்டியும் இழுவையும்

எங்கள் கார் சந்தையில் அதிகம் விற்கும் காம்பாக்ட் எஸ்யூவிகளில் ஒன்று. இழுதிறன் 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டம் ஹிட்ச், அதன் முனையில் இருப்பது பந்து. அந்தப் பந்தின் மேல் செங்குத்தாக அழுத்தக்கூடிய எடைக்கு உச்சவரம்பு 150 பவுண்டு, 68 கிலோ. வட அமெரிக்காவில் இந்த ரகக் கார்களில் பலவற்றுக்கு இதுதான் அளவு. 2023-இல் விற்ற வகைகளில் சாதாரண ஹோண்டா சிஆர்-வி, சாதாரண ராவ்4, சாதாரண ஃபாரஸ்டர் எல்லாம் 1,500 பவுண்டுதான். ராவ்4 ஹைப்ரிட் 1,750. அதே ராவ்4-இல் சில சிறப்பு வகைகளுக்கு 3,500 வரை உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் ஒன்றாக இருக்காது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் ராவ்4 இழுத்தது என்பதற்காக நம் ராவ்4 இழுக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் வண்டியின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

டிரெய்லர் ஒரு போலர். கனடாவில் பிறந்த வண்டி. 1968-இல் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் உருவாக்கியது. இரண்டு ஃபைபர் கிளாஸ் ஓடுகளை மேலும் கீழும் வைத்து நடுவில் ஒட்டிய முட்டை வடிவம். பார்க்க உருண்டை உச்சியுள்ள பௌலர் தொப்பி மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். லேசானது, மழை ஒழுகாது, 50 ஆண்டு ஆனாலும் ஓடு அப்படியே நிற்கும். அதனால்தான் இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். எங்களுடையது எழுபதுகளில் செய்தது. விற்றவர் "ஆயிரம் பவுண்டுதான், எந்தக் காரும் இழுக்கும்" என்று சொன்னார். நானும் நம்பினேன். ஆயிரம் பவுண்டு என்றால் 450 கிலோ. 680-இல் 230 கிலோ மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். என் முதல் தவறு அந்தக் கணக்கு.

எடைமேடைச் சீட்டு

ஆட்டம் அடங்கியதும் 70 கிலோமீட்டர் வேகத்தில், அபாய விளக்குகளைப் போட்டபடி அடுத்த வெளியேறும் வழி வரை போனோம். பாரி நகருக்குப் போகிற வழியில் லாரிகள் நிற்கும் இடம் ஒன்றில் எடைமேடை இருந்தது. ஏற்றியிருந்த ஒரு சாமானையும் நகர்த்தாமல் முதலில் காரையும் டிரெய்லரையும் சேர்த்து ஏற்றினேன். அப்புறம் டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு காரை மட்டும் ஏற்றினேன். இரண்டு சீட்டும் இன்னும் கையுறைப் பெட்டியில் இருக்கின்றன.

டிரெய்லர் அச்சின் மேல் 670 கிலோ. டிரெய்லர் மாட்டியிருந்தபோது காரின் மேல் கூடுதலாக விழுந்தது 30 கிலோ. ஆக டிரெய்லரின் மொத்த எடை 700. எல்லையைவிட 20 கிலோ அதிகம். ஆனால் என்னை உலுக்கியது அந்த 20 அல்ல, முன்னால் விழுந்த 30 தான்.

மாட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்கள். வட அமெரிக்காவில் டங் வெயிட் என்கிறது அந்த முன்பாரத்தைத்தான். டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் பந்தின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான விதி. 700 கிலோவுக்கு 70 முதல் 105 வரை இருக்க வேண்டியது. எங்களுக்கு 30. எடைமேடை 10 கிலோ கணக்கில்தான் காட்டும் என்பதால், வீடு திரும்பியபின் அதே சாமான்களை அதே இடங்களில் வைத்து, குளியலறை எடைக் கருவியை மூக்குக்கு அடியில் வைத்து மறுபடி அளந்தேன். 31 கிலோ. 4.4 சதவீதம்.

ஆட்டம் நடந்த அன்று இரவு பூங்காவில் உட்கார்ந்து எடைமேடை காட்டிய அந்த 30 கிலோவைச் சொன்னபோது அம்மா ஒன்று சொன்னார். "உங்க தாத்தா வண்டியில மூட்டை ஏத்தி முடிச்சா, மாட்டைப் பூட்டுறதுக்கு முன்னாடி நுகத்தடியைத் தூக்கிப் பாப்பாரு. கை கனக்கணும். லேசா வந்துச்சுன்னா பின்பாரம்னு சொல்லி ரெண்டு மூட்டையை முன்னாடி நகத்துவாரு. இல்லேன்னா மேடு ஏறும்போது வண்டி பின்னால சாயும், மாட்டுக் கழுத்தை நுகம் தூக்கும்."

அம்மா சொல்லச் சொல்ல எனக்கு அன்று காலை நினைவுக்கு வந்தது. கிளம்பும்போது டிரெய்லரின் மூக்கை ஒற்றைக் கையால் தூக்கிப் பந்தின் மேல் வைத்தேன். எவ்வளவு சுளுவாக வருகிறது என்று பெருமைகூடப் பட்டேன். கைக்கே தெரிந்த எச்சரிக்கை அது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

47 கிலோ எங்கே போனது

சாமான் ஒவ்வொன்றாக இறக்கி எடை போட்டேன். காலி டிரெய்லரே 545 கிலோ இருந்தது. 50 ஆண்டில் பழைய உரிமையாளர்கள் சேர்த்த குளிர்பெட்டி, தரைப்பலகை, பேட்டரி, பின் ஜன்னலில் பொருத்திய 22 கிலோ ஏசி எல்லாம் சேர்ந்து தொழிற்சாலை எடைக்கு மேல் ஏறக்குறைய 95 கிலோ. பின் பெஞ்சுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, நிரப்பியது 45 லிட்டர். பின் பம்பரில் தாங்கியோடு சேர்த்து இரண்டு சைக்கிள், 38 கிலோ. மிச்சம் சமையல் பாத்திரம், அரிசி பருப்பு, நாற்காலி, போர்வை, 72 கிலோ.

பந்திலிருந்து அச்சு வரை எங்கள் டிரெய்லரில் 2.5 மீட்டர். சைக்கிள்கள் அச்சுக்குப் பின்னால் 1.8 மீட்டரில் தொங்கின. அச்சைத் தராசின் நடுமுள்ளாக வைத்துப் பார்த்தால், பின்னால் 1.8 மீட்டரில் இருக்கும் 38 கிலோ முன்னால் பந்தின் மேலிருந்து 27 கிலோவைத் தூக்கிவிடும். தண்ணீர்த் தொட்டி 1.1 மீட்டர் பின்னால். அது 20 கிலோவைத் தூக்கும். இரண்டும் சேர்ந்து 47. சைக்கிளும் தண்ணீரும் இல்லாமல் கிளம்பியிருந்தால் முன்பாரம் 78 கிலோ இருந்திருக்கும், மொத்த எடை 617, அதாவது 12 சதவீதத்துக்கு மேல். ஆட்டத்தைப் பொறுத்தவரை நல்ல கணக்கு.

முன்பாரத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. சைக்கிளுக்கு ஈடாக மூக்கில் ஒரு 27 கிலோ மூட்டையைக் கட்டியிருந்தால் பந்தின் மேல் எடை சரியாகத் தெரியும். ஆனால் இரு முனையிலும் குண்டு கட்டிய கம்பு மாதிரி ஆகிவிடும் டிரெய்லர். அப்படிப்பட்ட கம்பைச் சுழற்ற ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். அதனால் கனமானவை அச்சுக்கு நேர் மேலேயும் சற்று முன்னாலும், தரையோடு ஒட்டியும் இருக்க வேண்டும். கடைசி முனையில் எதையும் தொங்கவிடக்கூடாது. பின் பம்பரில் சைக்கிள் தாங்கி மாட்டிய சின்ன கேம்பர்களைச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது.

மூலையில் நிற்கும் எண்

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் பகுதிதான்.

எங்கள் காரின் இழுதிறன் 680. பந்தின் மேல் உச்சவரம்பு 68. முன்பாரம் குறைந்தது 10 சதவீதம் வேண்டும். 680-இல் 10 சதவீதம் சரியாக 68. அதாவது டிரெய்லர் 680 கிலோ இருந்தால், முன்பாரம் ஒரு கிலோ குறைந்தாலும் ஆட்டத்துக்கு இடம், ஒரு கிலோ கூடினாலும் ஹிட்ச் எல்லை மீறல். 700-இல் சரியான முன்பாரம் என்ற ஒன்றே கிடையாது. குறைந்தபட்சம் 70 வேண்டும், அனுமதி 68. சைக்கிளும் தண்ணீரும் இல்லாத 78-கூட ஹிட்சுக்கு 10 கிலோ அதிகம்தான். விளம்பரத்தில் போடும் இழுதிறன் எண் இரண்டு சுவர் சந்திக்கும் மூலை. குடும்பத்தோடு போகிறவர்களால் அந்த மூலையில் நிற்க முடியாது.

மூன்றாவது சுவரும் ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஒட்டுத்தாள் தெரியும். ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். எங்கள் காருக்கு 410 கிலோ. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து 264. காருக்குள் இருந்த பைகளும் ஐஸ் பெட்டியும் 92. பிறகு பொருத்திய ஹிட்ச் இரும்பே 20. முன்பாரமும் காரின் சுமைதான். 31-ஐச் சேர்த்தால் 407, எல்லைக்குள். அதனால் காரைப் பார்த்தால் எதுவும் தப்பாகத் தெரியவில்லை, பின்புறம் தாழவில்லை. முன்பாரம் 78-ஆக இருந்திருந்தால் 454. எல்லையை 44 கிலோ தாண்டியிருப்போம். டிரெய்லரைச் சரியாக ஏற்றியிருந்தால் கார் அதிக பாரமாகியிருக்கும். டிரெய்லரைத் தப்பாக ஏற்றியதுதான் காரின் எல்லை மீறலை மறைத்திருக்கிறது.

இழுதிறனை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் இது ஆச்சரியமாக இருக்காது. வட அமெரிக்காவில் எஸ்ஏஇ ஜே2807 என்ற தரமுறை உண்டு. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் வெயிலில் நீண்ட மேடு ஏற்றுவார்கள், வண்டி திணறாமல் ஏறுகிறதா, நிறுத்த முடிகிறதா, ஆட்டம் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். கடுமையான சோதனைதான். ஆனால் காருக்குள் இரண்டு பேர், ஆளுக்கு 150 பவுண்டு என்ற கணக்கு. ஐந்து பேரும் ஐஸ் பெட்டியும் அந்தக் கணக்கில் இல்லை. நாம் கூட்டுகிற ஒவ்வொரு ஆளும் இழுக்கும் எடையிலிருந்து கழிய வேண்டியவர்.

நண்பர்கள் இதைக் கேட்டதும் ஒரு கேள்வி கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் அதே ராவ்4 ஹைப்ரிட் நாலு சக்கர இயக்க வகை 1,500 கிலோ இழுக்கலாம் என்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் 800-கூட இல்லை? நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவின் 1,500 பிரேக் உள்ள டிரெய்லருக்கானது. ஐரோப்பாவில் கேரவனுக்கு முன்பாரம் 4 முதல் 7 சதவீதம் போதும் என்பார்கள். அங்கே கேரவன்களை நீளவாக்கில் சமன் செய்து கட்டுகிறார்கள், ஆட்டத்தைத் தடுக்கும் பிடிப்புள்ள கப்ளர் (டிரெய்லரின் மூக்கில் இருந்து பந்தைக் கவ்வும் கிண்ணம்) பரவலாக இருக்கிறது, முக்கியமாக வேகம் குறைவு. ஜெர்மனியில் டிரெய்லரோடு 80 கிலோமீட்டர், தனி அனுமதி பெற்றால் 100. பிரிட்டனில் மோட்டார்வேயில் 60 மைல், அதாவது ஏறக்குறைய 97 கிலோமீட்டர். நம்முடைய 4.4 சதவீதத்தோடு நான் 80-இல் போயிருந்தால் அன்று ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். ஆட்டம் அடங்கியதும் அந்த வேகத்தில்தானே. ஒவ்வொரு கார்-டிரெய்லர் ஜோடிக்கும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே டிரெய்லர் ஆடினாலும் தானே நேராகிவிடும், மேலே போனால் ஒவ்வொரு வீச்சும் அடுத்ததை வளர்க்கும். பின்பாரமும் தளர்ந்த டயரும் அந்த வேகத்தைக் கீழே இறக்குகின்றன. எங்களுக்கு அது 110-க்கும் கீழே இறங்கியிருந்தது. லாரியைக் கடந்து முன்னால் வந்தபோது விழுந்த காற்று ஒரு தட்டு தட்டிவிட்டது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அண்ணா பார்த்தது

எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார். 20 வருடத்துக்கு மேல் பெரிய லாரி ஓட்டியவர். திரும்பி வந்த மறுநாள் மாலை டிரெய்லரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின் பம்பரைப் பார்த்ததும் நின்றார். "தம்பி, சைக்கிளைப் பின்னுக்குக் கட்டினதுதான் முதல் பிழை. இதைக் கழட்டிப்போட்டு அடுத்த கதை கதைப்பம்" என்றார். அப்புறம் முழங்கால் போட்டு டயரில் எழுதியிருந்ததை விரலால் தடவிப் படித்தார்.

டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் செய்த தேதி. எங்களுடையதில் 2312. 2012-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். 11 வயது. பள்ளம் புதுசு போல ஆழமாக இருந்தது, ஏனென்றால் வண்டி ஓடியதே குறைவு. ஆனால் ரப்பர் வெயிலிலும் குளிரிலும் நின்றே கெட்டுப்போகும். பக்கச் சுவரை அழுத்தினால் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. டிரெய்லர் டயரை ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிட வேண்டும், பள்ளம் எப்படி இருந்தாலும் சரி. காற்று 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் குளிர்ந்த நிலையில் 35 இருந்தது. காரின் பின் டயர்களிலும் நாலு பிஎஸ்ஐ குறைவு. காற்று குறைந்த டயரின் சுவர் பக்கவாட்டில் நெளியும், ஆட்டத்துக்கு அது தீனி. இன்னொன்றும் அண்ணா சொன்னார். டிரெய்லருக்கென்றே வரும் டயர்களில் பல மணிக்கு 105 கிலோமீட்டருக்குத்தான் செய்தவை. நான் போன வேகத்துக்கு அந்தப் பழைய டயர் வெடிக்காமல் இருந்ததே பெரிது.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் மாட்டியிருந்தன, ஆனால் நேருக்கு நேராக, நீளம் அதிகமாக. ஒரு கொக்கியின் அடிப்பக்கம் தாரில் உரசி உரசிப் பட்டையாகத் தேய்ந்து வெள்ளிக் காசு போல மின்னியது. சங்கிலியைக் குறுக்காக, மூக்குக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி மாட்ட வேண்டும். கப்ளர் பந்தைவிட்டுக் கழன்றால் மூக்கு அந்தத் தொட்டிலில் விழும், தார்ச்சாலையில் குத்தாது. திரும்பும் அளவுக்குத் தளர்வு போதும், தரையைத் தொடக்கூடாது.

பந்தின் அளவையும் பார்க்கச் சொன்னார். கப்ளரின் மேல் 2 அங்குலம் என்று அடித்திருந்தது. ஹிட்ச் பொருத்திக் கொடுத்த கடையில் போட்டது 1 அங்குலம் 7/8 பந்து. பெரிய கப்ளர் சின்னப் பந்தின் மேல் அழகாக உட்காரும், தாழ்ப்பாளும் விழும். ஒரு பெரிய குழியில் ஏறி இறங்கினால் அப்படியே கழன்று மேலே வந்துவிடும். அன்றைய ஆட்டத்துக்கு இது முதல் காரணம் இல்லை. ஆனால் பின்பாரத்தால் மூக்கு மேலே தூக்கப் பார்த்த டிரெய்லர், சின்னப் பந்து, நேராகக் கட்டிய சங்கிலி, இவை மூன்றும் ஒரே நாளில் சேர்ந்திருந்தன என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. பந்தின் உச்சியிலும் கப்ளரின் மேலும் அளவு பொறித்திருக்கும். இரண்டையும் நீங்களே படித்துப் பாருங்கள். கடைக்காரர் சொன்னார் என்று விட வேண்டாம்.

பிரேக்

எங்கள் போலரில் பிரேக் இல்லை. ஒன்டாரியோ சட்டப்படி தப்பில்லை. 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குத்தான் தனி பிரேக் கட்டாயம். ஆனால் என் காரின் கையேட்டில் 1,000 பவுண்டுக்கு, 450 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்கு பிரேக் வேண்டும் என்று எழுதியிருந்தது. இந்த ரகக் கார்கள் பலவற்றின் கையேட்டில் இந்த எண்ணைப் பார்க்கலாம். சட்டம் விட்டாலும் காரைச் செய்தவர்கள் விடவில்லை. நான் கையேட்டின் அந்தப் பக்கத்தை டிரெய்லர் வாங்கிய பிறகுதான் புரட்டினேன், அதுவும் ஆட்டம் நடந்த பிறகு.

அன்று பிரேக் மிதித்ததும் மோசமானது ஏன் என்பதும் இதோடு சேர்ந்தது. கார் மட்டும் வேகம் குறையும்போது 700 கிலோ பின்னாலிருந்து தள்ளுகிறது. டிரெய்லர் கோணலாக இருக்கும் நொடியில் அந்தத் தள்ளல் காரின் பின்புறத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும். அதே சமயம் பிரேக்கால் காரின் மூக்கு தாழ்ந்து பின்சக்கரப் பிடிப்பு குறையும். காரும் டிரெய்லரும் கத்தி போல மடங்கிவிழ இதைவிட வேறு வேண்டாம். செய்ய வேண்டியது இதுதான்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது, ஸ்டீயரிங்கை நேராக உறுதியாகப் பிடிப்பது, ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாமல் இருப்பது. டிரெய்லரில் மின் பிரேக் இருந்தால் காரில் இருக்கும் கட்டுப்படுத்தியின் கைநெம்பை மெல்ல நகர்த்தி டிரெய்லரை மட்டும் பிரேக் பிடிக்கலாம். பின்னாலிருந்து ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்த மாதிரி டிரெய்லர் நேராகும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கு என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டாம். ஆட்டம் எந்த வேகத்தில் வந்ததோ அதற்கும் மேலே போவது அது.

மாற்றியவை

அந்த இலையுதிர்காலத்தில் பழைய அச்சையே எடுத்துவிட்டோம். போலரின் அச்சுக்குள் ரப்பர் வைத்த முறுக்கு அமைப்பு. 50 வருடத்தில் அந்த ரப்பர் இறுகிவிட்டது, ஒவ்வொரு குழியும் நேராக உடலில் அடித்துக்கொண்டிருந்தது. மின் பிரேக்கோடு வரும் புது அச்சு போட்டோம். டிரெய்லர் கழன்று ஓடினால் தானே பிரேக் பிடிக்கும் அறுபடு கம்பியும் அதற்கான சிறு பேட்டரியும் வந்தன. அந்தக் கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் காரின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். புது டயர், 2 அங்குலப் பந்து, அளவாக வெட்டிய சங்கிலி. பின் ஜன்னல் ஏசியைக் கழற்றினோம். தண்ணீரைப் பூங்காவுக்குப் போய் நிரப்பிக்கொள்கிறோம். சைக்கிள் வீட்டில்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அங்கே போய் வாடகைக்கு எடுக்கிறோம். சமையல் சாமான் பெட்டியை மூக்குப் பக்கத்திலிருந்து அச்சுக்கு நேர் மேலே நகர்த்தினோம்.

இப்போது டிரெய்லர் 610 கிலோ, முன்பாரம் 65. ஏறக்குறைய 10.7 சதவீதம். காருக்குள் சாமானை 92-லிருந்து 40 கிலோவுக்குக் கொண்டுவந்தோம். ஆட்கள், சாமான், ஹிட்ச், முன்பாரம் எல்லாம் சேர்த்து 389. மூன்று சுவரும் தொடாமல் நிற்கிறோம். ஆனால் இழுதிறனில் 90 சதவீதம் என்பது எனக்கு இன்னும் திருப்தியில்லை. 80 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். எங்களுக்கு அது காலி டிரெய்லரின் எடை. அதற்கு இந்தக் கார் போதாது. அடுத்த கார் வாங்கும்போது 3,500 பவுண்டு இழுக்கும் வகையைத்தான் பார்ப்பேன்.

எடையைப் பரப்பும் ஹிட்ச் போடலாமே என்று கேட்டார்கள். பல சின்ன எஸ்யூவிகளின் கையேடு அதை வேண்டாம் என்கிறது, எங்களுடையதும்தான். உராய்வால் ஆட்டத்தை அடக்கும் தண்டு ஒன்று கிடைக்கிறது. பயன் உண்டு. ஆனால் பின்பாரத்தை அது சரி செய்யாது, நல்லபடி ஏற்றிய டிரெய்லருக்கு மேல்காப்பாகத்தான் வேலை செய்யும்.

அம்மாவுக்கு நீண்ட நேரம் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். அடுத்த பயணத்தில் டிரெய்லருக்குள் படுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருப்பது ஒன்டாரியோவில் சட்டப்படி கூடாது. அந்த ஜூலை காலையில் அவர் உள்ளே இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்து அப்படியே பேசாமல் நின்றேன். மணிக்கு ஒரு முறை நிறுத்துகிறோம், அவர் இறங்கி நடக்கிறார்.

இரண்டாவது முறை

2024 ஜூனில் அதே வழியில் போனோம். 90 கிலோமீட்டர் வேகம், வலது ஓரப் பாதை. 110-லிருந்து 90-க்கு வந்தால் வண்டியின் இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அல்கான்குவினுக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போவோம், அவ்வளவுதான். ஹாலண்ட் மார்ஷில் அன்றும் காற்று இருந்தது. லாரிகள் இடப்பக்கம் தாண்டிப் போயின. ஒவ்வொன்றும் கடக்கும்போது டிரெய்லர் ஒரு அசைவு அசைந்து, அதோடு நின்றது. ஸ்டீயரிங்கில் ஒரு சிறு துடிப்பு மட்டும் கைக்குத் தெரிந்தது. மனைவி பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மார்ஷ் முடிந்து மேடு ஏற ஆரம்பித்தபிறகுதான் ஏதாவது பாட்டுப் போடச் சொன்னாள்.

முதல் 80 கிலோமீட்டரில் நிறுத்தி சக்கர நட்டுகளை முறுக்கு அளவுச் சாவியால் சரிபார்த்தேன். புதுச் சக்கரம் போட்டால் இது அவசியம், ஒரு நட்டு கால் சுற்று ஏறியது. இரண்டு சக்கரக் குடங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கிலோ பிரேக்கிலோ ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஹன்ட்ஸ்வில் தாண்டி ஹைவே 60-இல் ஏற்ற இறக்கம் அதிகம். ஏற்றத்தில் கியர்பெட்டி சூடாகாமல் இருக்க வேகத்தை விட்டுக்கொடுத்தேன், இறக்கத்தில் கீழ்க் கியரில் இறங்கினேன்.

கிளம்பும் நாள் காலையில் இப்போது அம்மா வாசலுக்கு வந்துவிடுவார். நான் டிரெய்லரைப் பந்தில் மாட்டுவதற்கு முன் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்ப்பேன். "கனக்குதா?" என்று கேட்பார். கனக்கிறது என்று நான் சொன்னபிறகுதான் காரில் ஏறுவார். நானும் குளியலறை எடைக் கருவியை எடுத்து அடியில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். போன முறை 64.